கால் கிலோ விசாரணை

வந்தவர்: இந்த வெண்டைக்காய் எப்போது பறித்தது?

காய்க்காரம்மா: இன்று விடியற்காலையில், ஐயா.

வந்தவர்: யார் பறித்தது?

காய்க்காரம்மா: நானும் என் வீட்டுக்காரரும்தான். கூலிக்கு ஆள் வைக்கவில்லை, ஐயா.

வந்தவர்: நிலம்?

காய்க்காரம்மா: சொந்த நிலம். பட்டா வீட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்கிறேன்.

வந்தவர்: பட்டா எதற்கு அம்மா? மண் எப்படிப்பட்டது என்று கேட்டேன். (ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடிக்கிறார். டப்.)

காய்க்காரம்மா: செம்மண். தராசையும் பார்த்துவிடுங்கள், ஐயா. முத்திரை போட்டாகிவிட்டது. எடைக்கற்களின் அடியிலும் முத்திரை இருக்கிறது.

வந்தவர்: தராசு இருக்கட்டும். எனக்குக் காய்தான் முக்கியம். (டப்.)

காய்க்காரம்மா: போன முறை வந்தவர் தராசைத்தான் முதலில் பார்த்தார்.

வந்தவர்: ஓ, முன்பே வருகிறார்களா? மகிழ்ச்சி. எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி வர வேண்டும்.

காய்க்காரம்மா: வேண்டாம் ஐயா. ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

வந்தவர்: நான் எப்போதும் நேரடியாகத்தான் வருவேன். நடுவில் தரகர் என்று யாரும் கூடாது என்பது என் கொள்கை.

காய்க்காரம்மா: நல்ல கொள்கை. நடுவில் ஆள் இருந்தால் அவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வந்தவர்: (அது புரியாமலே தலையாட்டுகிறார்.) ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா? (டப்.)

காய்க்காரம்மா: எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதையை மறித்துக்கொண்டிருக்கும் அந்தக் கூடை என்னுடையது இல்லை. பக்கத்துக்காரருடையது. படத்தில் அதுவும் தெளிவாக விழட்டும்.

வந்தவர்: ரசாயனம் ஏதாவது?

காய்க்காரம்மா: வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்போம், வேறொன்றும் இல்லை. மாதிரி எடுத்துக்கொண்டு போகிறீர்களா? ஒடித்தவற்றையெல்லாம் தனியாக வைத்திருக்கிறேன். உறை கொண்டுவந்திருக்கிறீர்களா?

வந்தவர்: மாதிரியா? கால் கிலோ போடுங்கள் அம்மா, போதும்.

காய்க்காரம்மா: மாதிரிக்குக் கால் கிலோவா? இரண்டு காய் போதாதா?

வந்தவர்: மாதிரிக்கு இல்லை. சமையலுக்கு.

காய்க்காரம்மா: யார் சமையலுக்கு?

வந்தவர்: என் வீட்டுச் சமையலுக்குத்தான். நான் காய் வாங்க வந்தவன்.

காய்க்காரம்மா: இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, தம்பி?

(ஐயா ஒரே மூச்சில் தம்பியாகிவிட்டார். இவ்வளவு விரைவான பதவி இறக்கம் எந்த அலுவலகத்திலும் நடக்காது.)

வந்தவர்: நான் யார் என்று நினைத்தீர்கள்?

காய்க்காரம்மா: எப்போது, யார், எங்கே என்று வரிசையாகக் கேட்டால் வேறு யார் என்று நினைப்பது? எடை பார்க்கிற அதிகாரியோ, மருந்து பார்க்கிற அதிகாரியோ என்று நினைத்து அரை மணி நேரமாக வயிறு கலங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் நீங்கள் ஒடித்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வந்தவர்: நுனி டப்பென்று ஒடிந்தால் இளசு. (டப்.)

காய்க்காரம்மா: முதல் காயே ஒடிந்ததே. பிறகு எதற்கு இரண்டாவது?

வந்தவர்: ஒரு உறுதிக்காக.

காய்க்காரம்மா: ஒரே பாத்தி, ஒரே நாள் பறித்தது, ஒரே வீட்டார் பறித்தது. வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும், தம்பி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாத்தியைச் சுற்றி வரவில்லையென்றால், இலை மறைவில் ஒன்றிரண்டு முற்றி நாராகிப்போகும். செடியிலும் சுணை, காயிலும் சுணை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினாலும் மணிக்கட்டு அரித்துச் சிவந்துவிடும். முற்றல் எது, இளசு எது என்று பார்த்துப் பார்த்துப் பறித்து, முற்றலை அங்கேயே மாட்டுக்குப் போட்டுவிட்டுத்தான் இங்கே கொண்டுவருகிறேன். நீங்கள் நுனியை ஒடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். ஒடித்த இடம் மாலைக்குள் கறுத்துப்போகும். அதை எவர் வாங்குவார்?

வந்தவர்: எல்லோரும்தான் ஒடித்துப் பார்க்கிறார்கள்.

காய்க்காரம்மா: அதனால்தான் என் கூடையில் பாதிக் காய்க்கு நுனி இல்லை.

வந்தவர்: கோபப்படாதீர்கள் அம்மா. உங்களைப் போன்றவர்களுக்கு ஆதரவாகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். 2019 முதல் 2028 வரை குடும்ப வேளாண்மைப் பத்தாண்டு என்று ஐ.நா. சபையே அறிவித்திருக்கிறது, தெரியுமா?

காய்க்காரம்மா: பத்தாண்டு முழுவதற்கும் கால் கிலோதானா?

வந்தவர்: வீட்டில் இரண்டே பேர். சரி, விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

காய்க்காரம்மா: ஆதரவு முடிந்துவிட்டதா?

வந்தவர்: பேரம் பேசினால்தானே சந்தை.

காய்க்காரம்மா: குளிரூட்டிய கடைக்கும் போவீர்கள் அல்லவா? அங்கே பேரம் பேசுவதுண்டா?

வந்தவர்: அங்கே விலையை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள்.

காய்க்காரம்மா: ஒட்டியிருந்தால் வாய் திறக்காதோ? நாளை முதல் நானும் என் நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறேன். அங்கே ஆப்பிள் வாங்குகிறீர்களே, அது எப்போது பறித்தது?

வந்தவர்: புதிதாகத்தான் இருக்கும். பளபளவென்று இருக்கிறதே.

காய்க்காரம்மா: பளபளப்புக்கு மெழுகு பூசுகிறார்கள். பறித்த பிறகு, ஆக்சிஜனைக் குறைத்த குளிர் அறையில் மாதக்கணக்கில் வைத்திருந்து, விலை ஏறும்போது வெளியே எடுப்பார்கள். என் மகள் தோட்டக்கலை படிக்கிறாள், அவள் சொன்னது. அது தப்பென்று நான் சொல்லவில்லை. அந்த ஆப்பிளைப் பறித்தது யார், எந்த மண், என்ன மருந்து என்று அங்கே நிற்கிற பெண்ணிடம் ஒரு கேள்வியாவது கேட்டதுண்டா?

வந்தவர்: அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

காய்க்காரம்மா: அதைத்தான் சொல்கிறேன். பதில் தெரிந்தவளிடம் மட்டும் வந்து குறுக்கு விசாரணை செய்கிறீர்கள். தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறீர்கள்.

(வந்தவர் பேசவில்லை. கை மட்டும் பழக்கத்தில் கூடையை நோக்கிப் போகிறது. டப்.)

காய்க்காரம்மா: ஐந்து.

வந்தவர்: என்ன ஐந்து?

காய்க்காரம்மா: ஒடித்தவை. முதலில் அவைதான் தராசுக்குப் போகும். மீதிக்குத்தான் முழுக்காய்.

வந்தவர்: உடைந்ததை என் தலையில் கட்டுகிறீர்களே!

காய்க்காரம்மா: உடைந்தது இல்லை, தம்பி. இளசு என்று நீங்களே சோதித்துச் சான்று கொடுத்தது.

வந்தவர்: சரி, போடுங்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

காய்க்காரம்மா: இன்று சமைத்தால் கெடவே கெடாது. வைத்துத்தான் சமைப்பீர்கள் என்றால், கழுவி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் கொழகொழத்துவிடும். தக்காளிக்கும் வாழைப்பழத்துக்கும் பக்கத்திலும் வேண்டாம். அவற்றிலிருந்து எத்திலீன் வரும், காய் மஞ்சளடிக்கும்.

வந்தவர்: எத்திலீனா? ரசாயனம் எதுவும் இல்லை என்றீர்களே!

காய்க்காரம்மா: பழம் பழுக்கும்போது தானாக விடுகிற வாயு, தம்பி. அதற்கும் என் மீதுதான் வழக்கா?

வந்தவர்: கேட்டு வைப்பதில் தவறில்லையே. அப்படியே ஒரு பிளாஸ்டிக் பை கொடுங்கள்.

காய்க்காரம்மா: தோளில் துணிப்பை தொங்குகிறதே. ஏதோ எழுதியும் இருக்கிறது.

வந்தவர்: 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்.'

காய்க்காரம்மா: பிறகென்ன?

வந்தவர்: வெள்ளைப் பை அம்மா. இப்போதுதான் வாங்கினேன், கறை பட்டுவிடும்.

காய்க்காரம்மா: செய்தித்தாளில் சுற்றித் தருகிறேன், பிடியுங்கள். நேற்றைய தாள். தேதி மேலேயே அச்சாகியிருக்கிறது, கேட்க வேண்டியதில்லை.