உப்பனாற்றுக்கு பிஎச் மட்டும் போதாது
கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை அருகே உப்பனாற்றில் எடுத்த நீரின் பிஎச் 7.6 என்று வந்ததால் ஆறு சுத்தமாக இருக்கிறது என ஒருவர் எழுதியிருப்பது தவறான முடிவு. பிஎச் அமில, காரத் தன்மையை மட்டுமே காட்டும். ஈயமோ காட்மியமோ கரிமக் கரைப்பான்களோ கலந்திருந்தாலும் பிஎச் இயல்பாகவே இருக்கக்கூடும். மேலும், உப்பனாறு ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறி இறங்கும் கழிமுகம் என்பதால், கடல்நீர் உள்ளே வரும் வேளையில் கழிவு நீர்த்துப்போகும். மாதிரி எடுத்த நேரத்தைக் குறிப்பிடாத அளவீட்டை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீரோட்டத்தையும் உடன் அளக்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் மாசு என்பது அற்பமாகத் தோன்றினாலும், வினாடிக்கு 1 கனமீட்டர் ஓட்டத்தில் அது நாளொன்றுக்கு 86.4 கிலோவாகும். ஓதம் வடியும் வேளையில், ஆற்றோட்டத்தில் ஆலைப்பகுதிக்கு முன்னும் பின்னும், அடிச்சேற்றையும் சேர்த்துப் பரிசோதித்த முடிவுகள் தங்களிடம் இருந்தால், தயவுசெய்து பகிருங்கள். இந்த ஆற்றில் வலை வீசுபவர்களுக்கு அவை தேவை.