குளிரையும் மிரட்டலையும் மறைக்காத தளபதி

முற்றுகையில் சிக்கிய வீரர்களிடம் ஒரு தளபதி எப்படிப் பேச வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், இரண்டாம் உலகப் போரில் 1944 டிசம்பர் 24 அன்று அமெரிக்க ஜெனரல் மெக்காலிஃப் எழுதிய சுற்றறிக்கையைத்தான் காட்டுவேன்.

பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரம். அமெரிக்காவின் 101-ஆவது பாராசூட் படைப்பிரிவை ஜெர்மானியர்கள் நாற்புறமும் வளைத்திருந்தார்கள். கள மருத்துவமனை எதிரியின் கைக்குப் போய்விட்டது. 23-ஆம் தேதி வானம் தெளிந்து விமானங்கள் பொருள்களைப் போடும்வரை பீரங்கிக் குண்டுகளை எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. படைப்பிரிவின் தளபதி டெய்லர் அப்போது அமெரிக்காவில் இருந்ததால், முழுப் பொறுப்பும் பீரங்கிப் பிரிவின் தலைவர் மெக்காலிஃப் தலையில் விழுந்தது.

சரணடையச் சொன்ன ஜெர்மன் தளபதிக்கு 22-ஆம் தேதி அவர் கொடுத்த “Nuts!” (போங்கடா என்பதுபோல்) என்ற ஒற்றைச்சொல் பதிலைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு இந்தச் சுற்றறிக்கைதான் பெரிது.

கிறிஸ்துமஸ் வாழ்த்தாக வந்த அந்தத் தாள் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? இதில் மகிழ்ச்சி எங்கே என்று கேட்பீர்கள். சண்டையில் இருக்கிறோம், குளிர் வாட்டுகிறது, வீட்டில் இல்லை. அத்தனையும் உண்மைதான் என்று. பதுங்குகுழியில் கால் மரத்துக் கிடப்பவன் வாய்க்குள் முணுமுணுப்பதைத் தளபதியே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்!

பிறகு தோள்கொடுத்த பிரிவுகளைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்: 10-ஆவது கவசப் படைப்பிரிவு, 705-ஆவது டாங்கி எதிர்ப்புப் பட்டாலியன். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என எந்தத் திசையிலிருந்து வந்த தாக்குதலையும் தடுத்து நிறுத்திவிட்டோம் என்கிறார். அதோடு, இரண்டு மணி நேரத்தில் சரணடையாவிட்டால் பீரங்கிகளால் அழித்துவிடுவோம் என்று எதிரி எழுதிய கடிதத்தையும் அப்படியே சேர்த்திருக்கிறார்.

மிரட்டலை வீரர்களுக்குக் காட்டினால் மனம் உடைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தலைக்கு மேல் குண்டு பறக்கும் இடத்தில் இருப்பவனிடம் ஆபத்தை எப்படி ஒளிப்பது? ஒளிக்கப் பார்த்தால், அடுத்து நாம் சொல்லும் நல்ல செய்தியையும் அவன் நம்பமாட்டான்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில், முற்றுகையில் சிக்கிய ஜெர்மன் படைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. தாக்குப்பிடியுங்கள், ஹிட்லர் நம்மை மீட்பார் என்று அதன் தளபதி பவுலஸ் தன் 6-ஆவது ராணுவத்துக்கு வாக்குக் கொடுத்தார். தேவையானதை எல்லாம் விமானத்தில் கொண்டுவந்து இறக்குவதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் சூளுரைத்திருந்தார். வந்து சேர்ந்ததோ சொற்பம். 1943 பிப்ரவரித் தொடக்கத்தில் எல்லாம் முடிந்தபோது சுமார் 91,000 பேர் சிறைப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை. யாரோ வந்து காப்பாற்றுவார் என்ற ஒற்றைப் பேச்சில் அத்தனை உயிர்களையும் கட்டிவைத்தது பெரும் பாவம்.

நேச நாட்டுப் படைகள் எதிர்த்தாக்குதல் நடத்துகின்றன என்று மெக்காலிஃபும் எழுதினார்தான். ஆனால் வீரர்கள் தங்கள் கையால் அதுவரை செய்து முடித்ததைத்தான் அவர் முதலில் வைத்தார். டிசம்பர் 26 அன்று அமெரிக்க ஜெனரல் பேட்டனின் டாங்கிகள் முற்றுகையை உடைத்து உள்ளே வந்தன. வராமல் போயிருந்தாலும், அந்தத் தாளில் இருந்த ஒரு வரியையும் அவர் பொய்யென்று ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்காது.