படுத்தால் உண்டு

தங்கவேல்: 85 என்று போட்டிருக்கிறேன்.

சரசு: எதை? மின்கட்டணத்தையா?

தங்கவேல்: என் ஆயுளை. ஓய்வுபெற்ற பிறகு மருத்துவச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட வேண்டுமானால், எத்தனை வயது வரை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 60 முதல் 85. ஆக 25 ஆண்டு.

சரசு: எனக்கு?

தங்கவேல்: இது நம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

சரசு: உங்களுக்கு 85 ஆகும்போது எனக்கு 80. அன்று சாயங்காலமே நானும் கிளம்பிவிட வேண்டுமா, இல்லை வீட்டைக் கழுவிவிட்டு மறுநாள் வரலாமா?

தங்கவேல்: நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?

சரசு: சாகிற வயதை முதலில் எடுத்தது நீங்கள்.

(தங்கவேல் அம்பத்தூரில் 34 ஆண்டு வேலை பார்த்தவர். வரும் 31 ஆம் தேதி ஓய்வு. மேசையில் நீளக் கணக்கு நோட்டு, அடிக்கோல், சிவப்புப் பேனா. இந்த வயதில் இப்படி நோட்டு வாங்கும் ஆண்களை எனக்கு நிறையத் தெரியும். அதுவரை காய்கறி விலைகூடக் கேட்காதவர்கள், ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிதியமைச்சர் ஆகிவிடுகிறார்கள்.)

தங்கவேல்: இப்போது மாதாந்திர மருந்துச் செலவு. 500 ரூபாய் இருக்குமா?

சரசு: தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

தங்கவேல்: காலையில் ஒரு வெள்ளை. இரவு ஒரு வெள்ளை. நடுவில் ஏதோ ஒன்று ரோஸ் நிறத்தில்.

சரசு: வெள்ளைக்குப் பெயர் மெட்ஃபார்மின், சர்க்கரைக்கு. அதோடு காலையில் இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன். இரவு கொழுப்புக்கு ஒன்று. நீங்கள் சொல்லும் ரோஸ் நிறம் போன ஆண்டே நிறுத்தியாகிவிட்டது. ஒரு அட்டையில் 15 இருக்கும், இன்னொரு அட்டையில் 10 இருக்கும். 31 நாள் வரும் மாதத்தில் ஒரே ஒரு மாத்திரைக்காக நான் கடைக்காரரிடம் கெஞ்சுவது உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் வரும்?

(சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கம்பியைக் கழற்றிவந்து நோட்டின் மேலேயே வைக்கிறாள். மருந்துக்கடைச் சீட்டுகள் ஒரு சாண் உயரத்துக்குக் குத்தியிருக்கின்றன. மேலே உள்ளவற்றில் எழுத்து தெரிகிறது. அடியில் உள்ளவை வெளுத்து வெறும் தாளாகிவிட்டன.)

தங்கவேல்: இதில் ஒன்றுமே இல்லையே!

சரசு: எழுத்து இப்போதுதான் போயிற்று. பணம் அன்றைக்கே போய்விட்டது. மேல் சீட்டைப் பாருங்கள், மாத்திரைக்கு மட்டும் 1,850. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, டாக்டர் கட்டணம், போக வர ஆட்டோ. எல்லாவற்றையும் கூட்டி மாதத்துக்கு வகுத்தால் 4,000.

தங்கவேல்: நாலாயிரமா! யாரைக் கேட்டுச் செலவு செய்தாய்?

சரசு: உங்கள் சர்க்கரையைக் கேட்டு.

தங்கவேல்: சரி, பதறாதே. அதற்குத்தான் மருத்துவக் காப்பீடு எடுக்கப்போகிறேன். 5 லட்சத்துக்கு.

சரசு: மாத்திரைக்குக் கொடுப்பார்களா?

தங்கவேல்: மாத்திரைக்கு எப்படிக் கொடுப்பார்கள்? மருத்துவமனையில் சேர்ந்து படுக்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரமாவது.

சரசு: டாக்டர் கட்டணம்?

தங்கவேல்: படுத்தால் உண்டு.

சரசு: இரத்தப் பரிசோதனை?

தங்கவேல்: படுத்தால் உண்டு.

சரசு: ஆட்டோ?

தங்கவேல்: படுத்துக்கொண்டே போனால் ஆம்புலன்ஸுக்கு ஒரு தொகை உண்டு.

சரசு: மூக்குக் கண்ணாடி? காது மிஷின்?

தங்கவேல்: அவை பெரும்பாலும் படுத்தாலும் இல்லை.

சரசு: கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்குப் படுத்தால் 5 மணிக்குத்தான் எழுந்திருக்கிறீர்கள். ஒரு பைசா வந்ததில்லை.

தங்கவேல்: விளையாடாதே. எந்த அறையில் படுக்கிறோம் என்பதிலும் கணக்கு இருக்கிறது. சில பாலிசிகளில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்தான். 5 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 5,000. நாம் 10,000 ரூபாய் அறையில் படுத்தால், அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தைக்கூட அதே விகிதத்தில் பாதியாக வெட்டிவிடுவார்கள்.

சரசு: மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் வாடகையைக் கேட்டுவிட்டு மயங்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கவேல்: அப்புறம், எனக்குச் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை இருக்கும்.

சரசு: மூன்று ஆண்டா! போன மாதம் 3 மணி நேரம் உட்கார்ந்ததற்கே என் இடுப்பு விட்டுப்போயிற்று. டோக்கன் எண் என்ன?

தங்கவேல்: டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பது இல்லை. ஏற்கெனவே இருக்கிற நோயால் ஏதாவது வந்தால், பாலிசி எடுத்து 3 ஆண்டு ஆகும் வரை பணம் தராமல் இருக்கலாம். முன்பு 4 ஆண்டு வரை இருந்தது. 2024 இல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. 65 வயதுக்கு மேல் உள்ளவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம் என்று வழிவிட்டதும் அதே ஆண்டுதான்.

சரசு: சரி, இது சர்க்கரைக்குத் தெரியுமா?

தங்கவேல்: பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சரசு: ஜி.எஸ்.டி. போயிற்று. பிரீமியம் இருக்கிறதல்லவா?

தங்கவேல்: இருக்கிறது.

சரசு: அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

(தங்கவேல் முன்னும் பின்னும் புரட்டுகிறார். இதய அடைப்புக்குக் கட்டம் இருக்கிறது. கண்புரைக்கு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக இருக்கிறது. பிரீமியத்துக்கு இல்லை.)

தங்கவேல்: 70 வயதாகிவிட்டால் கவலையில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 இல் அறிவித்தது.

சரசு: அதற்கும் படுக்க வேண்டுமா?

தங்கவேல்: ஆமாம்.

சரசு: சர்க்கரை 63 வரை பொறுத்திருக்க வேண்டும். இதயம் 70 வரை அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வரலாம், ஆனால் 5,000 ரூபாய் அறைக்குள் வர வேண்டும். இத்தனை ஒழுக்கமாக நம் பிள்ளைகளே வளரவில்லையே.

தங்கவேல்: நீ குறுக்கே பேசினால் கணக்கு தப்பிவிடும். மருத்துவச் செலவு ஆண்டுக்கு 12 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று பார்க்க 72 ஐ 12 ஆல் வகு. ஆறு. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். உன் 4,000, எனக்கு 66 ஆகும்போது 8,000. 72 இல் 16,000. 78 இல் 32,000. 84 இல்... 64,000.

சரசு: மாதத்துக்கு?

தங்கவேல்: மாதத்துக்கு.

(கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.)

தங்கவேல்: மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் குறையும். 2025 இல் முதல்வர் மருந்தகம் என்றும் திறந்திருக்கிறார்கள்.

சரசு: பாதி மாத்திரையை ஒரு வருடமாக அங்கேதான் வாங்குகிறேன். அப்படி வாங்கியும்தான் 4,000. என் கட்டத்தைக் காட்டுங்கள்.

தங்கவேல்: உனக்குச் செலவே இல்லையே. ஐந்து ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டேன், உன் பெயரில் பூஜ்யம். பூஜ்யத்துக்கு 12 சதவீதம் ஏற்றினால்...

சரசு: பூஜ்யம். 25 ஆண்டு ஏற்றினாலும் பூஜ்யம். என் பெயரில் பூஜ்யம் இருப்பதால்தான் உங்கள் பெயரில் நாலாயிரத்தோடு நிற்கிறது. எனக்கு நாலு வருடமாக முழங்கால் வலி.

தங்கவேல்: சொல்லவே இல்லையே!

சரசு: சொன்னேன். தைலம் வாங்கிவந்தீர்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூன்று பாட்டில். மூன்றாவது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

தங்கவேல்: டாக்டரிடம் காட்டியிருக்கலாமே? கம்பெனிக் காப்பீட்டில் உன் பெயரும் இருக்கிறது. அதில் இந்தக் காத்திருப்புக் காலமெல்லாம் கிடையாது.

சரசு: அது எதுவரை?

தங்கவேல்: 31 ஆம் தேதி வரை.

சரசு: இன்று?

தங்கவேல்: 24.

சரசு: ஆடித் தள்ளுபடிக்குக் கடைசி வாரத்தில் ஓடுவதுபோல் முழங்கால் மாற்ற ஓட வேண்டும். அந்தப் பாலிசியை அப்படியே தொடர முடியாதா?

தங்கவேல்: அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். இதுவரை இருந்த காலத்தைக் காத்திருப்பில் கழித்தும் கொள்வார்கள். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஜனவரியிலேயே அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள்.

சரசு: அதை என்ன செய்தீர்கள்?

தங்கவேல்: அதன் பின்பக்கத்தில்தான் 80 ஆ, 85 ஆ என்று முதலில் போட்டுப் பார்த்தேன்.

(சரசு கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். எழும்போது மேசையில் கையை ஊன்றுகிறாள். தங்கவேல் நோட்டில் புதிதாக ஒரு கோடு இழுத்து, "சரசு, முழங்கால்" என்று எழுதுகிறார்.)

தங்கவேல்: எந்தக் கால்?

(பதில் இல்லை. அவள் அடுப்படிக்கு நடந்துபோவதை உற்றுப் பார்க்கிறார். இடது என்று எழுதுகிறார். அடித்துவிட்டு வலது என்று எழுதுகிறார்.)

சரசு: (உள்ளேயிருந்து) இரண்டும். அப்படியே என் வயதை 90 என்று போடுங்கள்.