பூனைக்குட்டி விஷயத்தில் நமக்கு எல்லாமே அவசரம்

பார்த்தவுடன் தூக்குகிறோம். தூக்கியவுடன் பால் ஊற்றுகிறோம். நாலு வாரத்தில் கண்ணும் காதுமாக அழகாக ஆனதும், யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம். நாயும் காரும் கொன்றது போக மிச்சமிருக்கும் குட்டிகளை நம்முடைய இந்த அவசரம் கொல்கிறது. கொஞ்சம் காட்டமாகத்தான் சொல்கிறேன். தாயில்லாத குட்டிகளை வாங்கி, தேற்றி, வீடு பார்த்து அனுப்பும் வேலையைச் சில வருஷங்களாகச் செய்துகொண்டிருப்பவள் நான். திரும்பத் திரும்ப ஒரே காரணங்களுக்காகச் சாவதைப் பார்த்தால் யாருக்கும் காட்டம் வரும்.

முதலில் தூக்குவதைப் பற்றி. "அக்கா, அம்மா இல்லாத குட்டிங்க, மூணு கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று போன் வரும். அம்மா இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "அரை மணி நேரமா இங்கேயே நிக்கிறேன், வரவே இல்லை" என்பார்கள். நீங்கள் நிற்பதால்தான் அது வரவில்லை! எதிர் வீட்டு சன்ஷேடில் உட்கார்ந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கு எப்படியோ போகட்டும், மாற்றுவது உண்மை. ஒரு நடைக்கு ஒரு குட்டியைத்தான் வாயில் கவ்விக்கொண்டு போக முடியும். அந்த இடைவெளியில் நீங்கள் போய்ப் பார்த்தால் மிச்சக் குட்டிகள் அநாதையாகத்தான் தெரியும். குட்டி சுத்தமாக, வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கினால் தாய் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பெல்லாம் அழுக்கு, எறும்பு மொய்க்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது என்றால் தாமதிக்காமல் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், சுற்றிலும் வளையமாகக் கொஞ்சம் கோலமாவைத் தூவிவிட்டு விலகிப் போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்து மாவில் காலடித் தடம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதில் உண்மை இல்லை. மழையில் நனையும் இடமாக இருந்தால் பக்கத்தில் மேடாக ஓரிடத்தில் மாற்றி வைக்கலாம். தாய் வந்து எடுத்துக்கொள்ளும்.

சரி, தாய் இல்லை என்று உறுதியாகிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. உடனே சமையலறையில் பால் சூடாகும். அங்கேதான் நிறுத்தச் சொல்கிறேன். பாலுக்கு முன்னால் சூடு.

பிறந்து முதல் சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் கூடப் பிறந்தவைகளும்தான் அதற்குச் சூடு. உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கிவிடும், சரியாக விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குள்ளும் போகும். வாய்க்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் பால் கூடாது. ஒரு அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர், அதன்மேல் பழைய துண்டையோ வேட்டியையோ சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். இன்னொரு பக்கம் காலியாக இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போவதற்கு. மெதுவாகத்தான் சூடேற வேண்டும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரை முகத்துக்கு நேராகப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். முதல் வாரத்துக் குட்டி இருக்கும் இடம் 30 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. சென்னையில் மே மாதப் பகலில் இதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையிலும், ஏசி அறையிலும்தான் ஆபத்து. ஃபேனுக்கு நேர் கீழே பெட்டியை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் பால். பசும்பால் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். "எங்க வீட்டுப் பூனை எல்லாம் பசும்பால் குடிச்சுத்தான் வளர்ந்துச்சு." வளர்ந்தவற்றைத்தானே நீங்கள் பார்த்தீர்கள். அந்தப் பூனைகள் அம்மாவிடம் குடித்தது போக மேலே பசும்பால் நக்கினவை. தாயில்லாக் குட்டிக்கு அதுவே முழுச் சாப்பாடு என்றால் கதை வேறு. பூனையின் பாலில் புரதம் பசும்பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது. பசும்பாலில் சத்து குறைவு, அந்தச் சத்துக்குப் பார்த்தால் லாக்டோஸ் என்ற சர்க்கரை அதிகம். விளைவு வயிற்றுப்போக்கு. நூறு கிராம் உடம்புக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் வற்றிப்போகும். இதில் இன்னொரு கொடுமை, செரிக்காதோ என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலப்பது. ஏற்கெனவே சத்துப் போதாத பாலை இன்னும் நீர்க்கச் செய்துவிட்டு, வயிறு உப்பியிருப்பதைப் பார்த்து நன்றாகக் குடிக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். ஆட்டுப்பாலும் இதற்கு மாற்று இல்லை. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது, பெரிய பெட் ஷாப்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் செலவை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளலாமே. குட்டி போட்டோவுக்கு இதயம் போடுகிறவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்களே!

கொடுக்கும் விதம் இதைவிட முக்கியம். குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டுகிற பழக்கத்தில் குட்டியையும் மல்லாக்கப் போடுகிறார்கள். கூடவே கூடாது. தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோல வயிறு கீழே இருக்க வேண்டும், தலை லேசாக நிமிர்ந்திருக்கலாம். மெடிக்கலில் ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சு கிடைக்கும். அழுத்திப் பீய்ச்சாமல், சொட்டுச் சொட்டாக, அது விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். நூறு கிராம் குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு நாலு மில்லிக்குப் பக்கத்தில்தான் கொள்ளும். அதனால்தான் முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாளுக்குப் பத்து கிராமுக்கு மேல் ஏறினால் நிம்மதி. ஏறாமல் நின்றால், குட்டி பார்க்கத் தெம்பாக இருந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

பால் கொடுத்ததும் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். மூன்று வாரம் வரை இந்தக் குட்டிகளுக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு வேளைப் பாலுக்குப் பிறகும் வாலுக்குக் கீழே அந்த இடத்தில் மெல்லத் துடைத்துவிட வேண்டும். இது தெரியாமலேயே எத்தனையோ குட்டிகள் வயிறு வீங்கிச் செத்திருக்கின்றன.

நம் வீடுகளில் ஒளிந்திருக்கும் விஷங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குட்டி அசுத்தம் பண்ணுகிறது என்று பினாயில் போட்டுத் தரையைக் கழுவுகிறோம். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து, காலை நக்கியே உள்ளே ஏற்றிக்கொள்ளும். டெட்டாலும் அதே கதைதான். காய்ச்சல் அடிக்கிறதே என்று பாராசிட்டமாலைக் கால் மாத்திரை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் மருந்து. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைக் குட்டிக்குச் சொட்டு விடுவதும் அப்படியே, அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து சாகும். பொடிக்குட்டியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருந்தால் பேன் சீப்பால் வாரி எடுங்கள். வெறும் பூச்சிதானே என்று அலட்சியப்படுத்தவும் கூடாது, பூச்சி அதிகமானால் ரத்தம் போயே குட்டி செத்துவிடும். ஈறைப் பாருங்கள், வெளுத்திருந்தால் அவசரம்.

நாலு வாரத்தில் பல் முளைத்து, தானாக நக்கிச் சாப்பிட ஆரம்பிக்கும்போது அடுத்த பிரச்சினை வரும். நேற்று வைத்த மீன் குழம்புச் சோறு. மீன் சரி, குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியை மசித்து ஆரம்பிக்கலாம், கூடவே பூனைக்குட்டிக்கான உணவும். இன்னொரு பக்கம், "எங்க வீட்ல அசைவம் ஆகாது, தயிர் சாதம் போட்டே வளர்த்துடுவோம்" என்பவர்கள். உங்கள் வீட்டு ஆசாரத்தில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. ஆனால் பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. மாமிசத்தில் இருக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் காலப்போக்கில் கண் போகும், இதயம் கெடும். தனித் தட்டில் டப்பா உணவு போட மனம் வராது என்றால் முயல் வளர்க்கலாம், கிளி வேண்டாம், நம் ஊர்க் கிளியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தராது.

இப்போது கொடுப்பதில் உள்ள அவசரம். எனக்கு வரும் கேள்விகளில் பாதி, "ரொம்ப சின்னதா இருக்கும்போதே குடுங்க, அப்பதான் எங்ககூட ஒட்டிக்கும்" என்பது. ஒட்டிக்கொள்வதற்கு வயது அவ்வளவு சின்னதாக இருக்கத் தேவையில்லை. இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதர் கையில் புழங்கினால் போதும், பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மனிதரிடம் ஒட்டும். அந்த வேலையை நான் செய்து அனுப்புகிறேன். எட்டு வாரத்துக்கு முன் பிரித்தால் எங்கே கடிக்கக்கூடாது, எவ்வளவு கடிக்கக்கூடாது என்பதைக் கூடப் பிறந்தவைகளிடம் கற்றுக்கொள்ளாமலேயே வரும். அப்புறம் "உங்க பூனை பொல்லாத பூனை, கையைப் பிறாண்டுது" என்று எனக்கே போன் வரும். முடிந்தவரை இரண்டாகத்தான் கொடுப்பேன். ஒன்று போதும் என்பவர்களிடம் வாதாடியும் பார்ப்பேன். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று கடித்து விளையாடும், உங்கள் கால் கட்டைவிரல் பிழைக்கும்.

புது வீட்டுக்குப் போன முதல் நாள்தான் மிக மோசமான நாள். சொந்தக்காரர்கள் கூடியிருப்பார்கள், குழந்தைகள் மாறி மாறித் தூக்குவார்கள், குட்டி பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்கும், அதை விளக்குமாற்றால் வெளியே தள்ளுவார்கள். தயவுசெய்து ஒரு சின்ன அறையில் விட்டுவிடுங்கள். மலம் மூத்திரம் போக மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடு அதற்கு எதிர் மூலையில், நுழைந்து ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. முன்பு சாப்பிட்டதையே ஒரு வாரமாவது கொடுங்கள். நீங்கள் போய்த் தரையில் சும்மா உட்கார்ந்திருங்கள், போனை வேண்டுமானால் பாருங்கள். அதுவாக வரும். மாடி வீடு என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை போட்டபிறகுதான் குட்டியைத் தருவேன். ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டில் இரண்டு வாரமாவது தனி அறை. சமீபத்தில் வாந்தி பேதியில் பூனை செத்த வீடு என்றால், தடுப்பூசி முழுக்கப் போட்டு முடியும்வரை தரவே மாட்டேன். அப்படி வாந்தி பேதி வரவைத்துக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் மாதக்கணக்கில் வீட்டுக்குள் உயிரோடு கிடக்கும், அதைக் கொல்ல ப்ளீச்சிங் கரைசல் போன்றது வேண்டும். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில், பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி.

இத்தனை அவசரக்காரர்களான நாம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மகா நிதானம். கருத்தடை. "பெண் குட்டி வேண்டாம், ஆண் இருந்தா குடுங்க" என்பார்கள். அதனால் செம்பட்டைக் குட்டி முதலில் போய்விடும், அவற்றில் பெரும்பாலும் ஆண். மூன்று நிறக் குட்டி அநேகமாக எப்போதும் பெண், அது கடைசிவரை என்னிடமே இருக்கும். பெண்ணை எடுத்துப்போகிறவர்களோ, "ஒரு தடவை குட்டி போடட்டும், பாவம், அப்புறம் பண்ணிக்கலாம்" என்கிறார்கள். என்ன பாவம்? நாலைந்து மாதத்திலேயே பெண் பூனை சினைப்பட்டுவிடும், அதுவே ஒரு குட்டி. சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல், முதல் ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உண்டாகும். முதல் பருவம் வரும் முன்னே அறுவை செய்தால் மடிக் கட்டி வரும் வாய்ப்பும் பெரிதும் குறையும்.

அப்படி வீட்டில் போட்ட குட்டிகளைத்தான் பிறகு கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விடுகிறார்கள், அங்கே பிழைத்துக்கொள்ளுமாம். மார்க்கெட் பூனைகள் புதுக் குட்டியைக் கிட்டவே சேர்க்காது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை எத்தனை அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்களிடம் சொல்லியிருப்பேன். சட்டத்தில் அபராதம் அற்பம், அது அவர்களுக்கும் தெரியும்.

என் கையிலிருந்து போகும் பெண் குட்டிக்கு ஐந்தாம் மாதம் அறுவைக்குத் தேதியை நானே வாங்கி வைத்துவிட்டு, நாலாம் மாதத்திலிருந்து போன் செய்ய ஆரம்பித்துவிடுவேன். எடுக்காதவர்கள் வீட்டுக்கு நேரில் போவேன். நச்சரிக்கிற பொம்பளை என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. இப்போது என்னிடம் மூன்று நிறத்தில் இரண்டு குட்டிகள், ஒன்பது வாரம், முதல் ஊசி போட்டாயிற்று, மணல் தட்டுப் பழக்கம் உண்டு. சேர்த்துத்தான் தருவேன். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.