ஐந்தாம் பக்கத்துச் சாவுகள்

"கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய 3 பேர் பலி." இந்தச் செய்தியைக் கடைசியாக எப்போது படித்தீர்கள், எந்த ஊர், செத்தவர்களில் ஒருவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் செய்தி எப்படிப் போகும் என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஒருவர் இறங்கினார், மயங்கினார், தூக்கப் போனவரும் மயங்கினார், தீயணைப்பு வீரர்கள் வந்து உடல்களை மீட்டார்கள், போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கிறார்கள். முடிந்தது, பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

அடிக்கடி நடக்கிறது, அதனால் மனசு மரத்துப்போச்சு என்கிறார்கள். இதை என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. செயின் பறிப்புச் செய்தியும்தான் தினம் வருகிறது, அதற்காகக் கழுத்தில் நகை போட்ட பெண்கள் பைக் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்து மூடுவதை விட்டுவிட்டார்களா? தெருநாய் கடித்த செய்தி வாரம் தவறாமல் வருகிறது, பிள்ளையைத் தனியாகக் கடைக்கு அனுப்ப இன்னமும் பயப்படுகிறோமே. நமக்கும் வரலாம் என்றால் ஆயிரம் முறை கேட்டாலும் உறைக்கும். நம் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்று உள்ளுக்குள் தெரிந்த ஆபத்துதான் நாலே தடவையில் பழகிவிடுகிறது. கூலிக்கு மலக்குழியில் யார் வீட்டுப் பிள்ளை இறங்கும், யார் வீட்டுப் பிள்ளை இறங்காது என்பது இந்த நாட்டில் பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. சாதியைச் சொல்லாமல் இந்த மரத்துப்போன மனசைப் பற்றிப் பேசவே முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், மூக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களிலேயே மூக்கு செத்துவிடுகிறது, நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து இன்னும் ஒரு படி இறங்குவார்கள். அளவு இன்னும் ஏறினால் சில மூச்சுகளிலேயே ஆள் விழுந்துவிடுவார். அது காற்றைவிடக் கனமானது, அதனால் அடியிலேயே தங்கும். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. காப்பாற்றப் போகிறவரும் சாவது இதனால்தான். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரே தொட்டியில் ஆறு பேர் போனார்கள். ஆறு பேர்!

அதே ஆண்டு அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்தது. நாலு நாள் தமிழ்நாடே தூங்கவில்லை. குழந்தையின் பெயர், முகம், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பது வரை வீட்டுக்கு வீடு பேசினார்கள். அப்புறம் ஊர் ஊராக மூடாத கிணறுகளைத் தேடித்தேடி மூடினார்கள். அது நியாயமான துடிப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. நம்மால் துடிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி என்றுதான் சொல்கிறேன்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993ல் ஒன்று வந்தது. 2013ல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்குவதையே குற்றம் என்கிறது, முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023ல் அதை 30 லட்சமாக ஆக்கியது. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த கணக்குகளில் 1993க்குப் பிறகான சாவுகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. எத்தனையோ விஷயத்தில் முதலிடம் என்று மார்தட்டுகிற நாம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இந்தச் சட்டத்தில் தண்டனை வாங்கி உள்ளே போன ஒரு கட்டட உரிமையாளரையாவது, ஒரு ஒப்பந்ததாரரையாவது சொல்லுங்கள் பார்க்கலாம். நாம் மறந்துவிடுவோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன மழையில் எங்கள் பகுதியில் சாக்கடை அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்து, டவுசரோடு ஒருவர் மார்பளவு கருந்தண்ணீரில் நின்று மூங்கில் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். கையுறை இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. அவர் தலை சாலை மட்டத்துக்குச் சற்று மேலே தெரிகிறது, அதை ஒட்டி பைக்குகள் வளைந்து போகின்றன, பள்ளி வேனிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்க்கின்றன. என்னைக் கோபப்படுத்தியது அந்தப் பிள்ளைகளின் முகம்தான், அதில் துளி ஆச்சரியம் இல்லை! எட்டு வயசிலேயே பழகிவிட்டது. அவர்கள் இன்னும் பத்திரிகையே படிக்க ஆரம்பிக்கவில்லை. செய்தி பார்த்துப் பார்த்து மரத்தது என்று இவர்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?

இயந்திரம் இல்லை என்ற கதையும் இனி செல்லாது. கேரளத்து இளைஞர்கள் செய்த பேண்டிகூட் ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்தில் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கிவிட்டது. கழிவுநீரை உறிஞ்சும் லாரி பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. ஆளை இறக்கினால் கொஞ்சம் பணம் மிச்சம், அவ்வளவுதான் கணக்கு.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், தொட்டி சுத்தம் செய்ய ஆள் இறங்கக் கூடாது, லாரி குழாய் மட்டும்தான், அடியில் சேறு நின்றாலும் பரவாயில்லை என்று தீர்மானம் போட்டு மினிட்ஸில் எழுதுங்கள். வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள், லாரிக்காரர்கள் வரும்போது நாம் பெரும்பாலும் ஆபீசில் இருப்போம். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் தொடர்பான உதவி எண் 14420. தெருவில் யாராவது உள்ளே இறங்கி நிற்பதைப் பார்த்தால், முதலில் அவரை மேலே வரச் சொல்லுங்கள், அப்புறம் யார் இறக்கிவிட்டது என்று கேளுங்கள், அந்த ஒப்பந்ததாரர் பெயரைப் போட்டு இங்கேயே எழுதுங்கள். நான் பகிர்கிறேன்.