காரில் போனால் யாத்திரை இல்லை என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம் பங்கில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று மூன்று நாளாக ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். வீடியோ எல்லோர் கைக்கும் வந்திருக்கும். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாங்கள் எருசலேமுக்குப் போய்வந்ததை "டாக்ஸி யாத்திரை" என்று ஒருவர் மைக்கில் சொன்னபோது என் அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. கமெண்ட்டிலும் யாரும் சொல்ல வேண்டாம்.

நான் அன்று கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். தவக்காலத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் போகட்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஒரு வேன் பிடித்து, ஏலாக்குறிச்சி மாதா கோவிலையும் பூண்டி மாதா கோவிலையும் ஒரே நாளில் காட்டி வரலாம், விவரம் தெரிந்த ஒருவர் கூடவே வந்து நிதானமாகச் சொல்லட்டும் என்றேன். அதற்குத்தான் இந்தப் பதில். "எருசலேமுக்குப் போயும் கூட்டத்த விட்டுப் பிரிஞ்சு டாக்ஸில சுத்தினவங்க இவங்க. அது டாக்ஸி யாத்திரை. நாம பண்றது திருயாத்திரை." சிலர் சிரித்தீர்கள். கை தட்டல்கூடக் கேட்டது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அது யாத்திரையா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் முடிவு இதுதான்: காரில் போனாலும் அது யாத்திரைதான்.

2019 பிப்ரவரியில் நான், அம்மா, சித்தி மூன்று பேரும் புனித பூமிக்குப் போனோம். 43 பேர் குழு, பத்து நாள். குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். கலிலேயாக் கடலில் படகில் பாடிக்கொண்டே போன அந்த ஒரு மணி நேரத்தை அம்மா இன்றைக்கும் சொல்வார். எருசலேம் நாள்தான் அம்மாவை உடைத்துவிட்டது. சிலுவைப்பாதை என்றால் நம் கோவிலில் சுவரில் இருக்கும் 14 படங்கள்தானே நமக்கு. அங்கே, இயேசு சிலுவை சுமந்து நடந்த பாதை என்று காட்டுவது ஒரு கடைத்தெரு. வழவழவென்று தேய்ந்த கல் தளம், அன்றைக்கு மழை வேறு. முன்னால் கொடி பிடித்துப் போகிறவர் பின்னால் எல்லோரும் ஓட வேண்டும். ஐந்தாம் ஸ்தலத்தில் தெரு வலது பக்கம் திரும்பி மேட்டில் ஏறுகிறது. சீமோன் வந்து சிலுவையைச் சுமக்கக் கை கொடுத்த இடம். அங்கே அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கொடி கண்ணுக்கு மறைந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கடைக்காரர் நாற்காலி போட்டு, புதினா போட்ட டீ கொடுத்தார். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் மொழி அவருக்குத் தெரியாது.

அன்று ராத்திரி அம்மா சொன்னார்: "நான் வந்ததே தப்பு கண்ணு. உனக்கும் பாரம்."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் கடைசி நாளைக்குத் தனியாக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தேன். ஹோட்டலில் கேட்டபோது சொன்னார்கள். எருசலேமிலேயே பிறந்த அரபுக் கிறிஸ்தவர், உரிமம் பெற்ற வழிகாட்டி, சொந்தக் கார். ஒரு நாளைக்கு நம்ம காசில் 38,000 ரூபாய். மூன்று பேருக்கும் சேர்த்து. பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. அது அம்மாவின் காசு. எஸ்டேட்டில் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்தது. அரசு மானியத்தில் போய்ச் சுற்றினார்கள் என்றும் ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறார். தமிழக அரசு 2011-லிருந்து எருசலேம் பயணத்துக்கு உதவித்தொகை கொடுக்கிறது. நாங்களும் விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதில் என்ன குற்றம்?

"கூட்டத்தை விட்டுப் பிரிந்து" என்றார் இல்லையா? அன்றைக்குக் கூட்டம் எங்கே போயிருந்தது தெரியுமா? சாக்கடலில் மிதக்க. சேறு பூசிக்கொள்ள. அப்புறம் கடைவீதிக்கு. நாங்கள் மூன்று பேரும் போனது ஒலிவ மலைக்கு.

முதலில் அங்கே "பரலோகத்திலிருக்கிற" ஜெபத்தின் பெயரிலேயே இருக்கும் கோவிலுக்குக் கூட்டிப் போனார். இயேசு சீடர்களுக்கு அந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த இடம் என்பது நம்பிக்கை. சுவரெல்லாம் ஓடு பதித்து நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபம். தமிழும் இருக்கிறது. என் அம்மா மூன்றாம் வகுப்பு. பேப்பரில் தலைப்பு மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அங்கே போய் நின்றவர், வரிக்கு வரி விரலை வைத்து, எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன், பத்து நாள் பழக்கம். வழிகாட்டி என் கையைத் தொட்டு, வேண்டாம், படிக்கட்டும் என்றார். பிறகு சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தக் கோவிலுக்கு ஆயிரம் முறை வந்திருக்கிறேன், இந்த மொழியை ஒருவர் வாயால் இவ்வளவு நிதானமாகக் கேட்டதில்லை என்றார். சித்தி அழுதுவிட்டார். பேருந்தில் வந்திருந்தால் அந்த இடத்துக்குப் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் என் அம்மாவால் பாதி ஜெபம்கூடப் படித்திருக்க முடியாது.

கெத்சமனித் தோட்டத்தில் எட்டு ஒலிவ மரங்கள் நிற்கின்றன. இயேசு இந்த மரத்தடியிலா ஜெபித்தார் என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வு செய்து பார்த்ததில் இப்போது நிற்கும் அடிமரங்களுக்குச் சுமார் 900 வருடம்தான் ஆகிறது என்றார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். "ஒலிவம் வெட்டினாலும் வேர்லேருந்து துளுக்கும்ல, அது போதும்" என்றார் அம்மா. வழிகாட்டிகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் காசு பறிப்பார்கள் என்று எழுதினவருக்கு இந்தப் பதில் போதும்.

திருக்கல்லறைக் கோவிலில், இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவுக்கு ஏற வேண்டும். செங்குத்தான, உயரம் உயரமான கல் படிகள். அம்மா படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வழிகாட்டி எங்களைப் படிக்குப் பக்கத்திலேயே கீழே ஒரு சின்னச் சிற்றாலயத்துக்குக் கூட்டிப் போனார். ஆதாம் சிற்றாலயம் என்று பெயர். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாறை, நடுவில் பிளந்து நிற்கிறது. மேலே எந்தப் பாறை மீது சிலுவை நின்றது என்கிறோமோ, அதே பாறையின் அடிப்பாகம். ஒரு படி ஏறாமல் என் அம்மா கொல்கொதாப் பாறைக்கு முன்னால் நின்று ஜெபமாலை சொன்னார். முந்தின நாள் அதே கோவிலுக்கு வந்துபோன எங்கள் குழுவில் எத்தனை பேர் இதைப் பார்த்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். ஒருவரும் இல்லை.

சாயங்காலம் பெத்லகேம். பிறப்புப் பேராலயத்தின் வாசல் 4 அடிதான் உயரம். குதிரையோடு உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் வாசலை அடைத்துச் சிறிதாக்கினார்களாம். தாழ்மையின் வாசல் என்று சொல்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் தலையை இடித்துக்கொள்கிறார்கள். அம்மா இடிக்காமல் போய்விட்டார். உள்ளே போய்த்தான் சொன்னார், "நம்ம லைன் வீட்டு வாசல் இதவிடக் கொஞ்சம்தான் ஒசரம்." எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டைத்தான் லைன் வீடு என்போம். குகையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம் பதித்திருக்கும் இடத்தை அம்மாவும் சித்தியும் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்த நேரத்தில் வரிசை குறைவாக இருக்கும் என்று வழிகாட்டிக்குத் தெரிந்திருந்ததால் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் எது யாத்திரை இல்லை? கார் இருந்ததா? இருந்தது. அதற்காக அம்மாவின் ஜெபம் கணக்கில் சேராதா?

உடலை வருத்திப் போவதுதான் யாத்திரை என்று சொல்கிறவர்களுக்கு. என் அம்மா 14 வயதில் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பேர் பதிந்தவர். 58 வயது வரை அந்தச் சரிவில் ஏறி இறங்கினார். பழ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அட்டைக்கடியோடு, மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு. வயிற்றில் நான் இருக்கும்போதும் ஏறினார். புனித வெள்ளிக்குச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் மலையில் சிலுவைப்பாதை போனார். 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற உங்களுக்கும் எனக்கும் அந்த முழங்கால் எப்படித் தேய்ந்தது என்று தெரியாது. கஷ்டம்தான் கணக்கு என்றால் என் அம்மா தன் பங்கை எப்போதோ கட்டிவிட்டார். இன்னும் எவ்வளவு கட்டினால் அவரை யாத்ரீகர் என்று ஒத்துக்கொள்வீர்கள்?

தனியாக வழிகாட்டி வைத்துக்கொள்வது ஆடம்பரம், புதுப் பழக்கம் என்றார் இன்னொருவர். அப்படி இல்லை. நான்காம் நூற்றாண்டில் எஜேரியா என்ற பெண் மேற்கிலிருந்து புறப்பட்டுப் புனித பூமிக்குப் போய், பார்த்ததையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு ஒவ்வோர் இடத்தையும் அங்கங்கே இருந்த துறவிகள்தான் காட்டினார்கள். அவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிரான்சிஸ்கன் துறவிகளிடம் 1342-ல் திருத்தந்தை அந்தத் தலங்களை ஒப்படைத்தார். வருகிற யாத்ரீகர்களை அழைத்துப் போய்க் காட்டுவதும் நூற்றாண்டுகளாக அவர்கள் செய்த ஊழியம்தான். வேதாகமத்திலேயே எத்தியோப்பிய அதிகாரி எருசலேமுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தேரில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டிருக்கிறார். புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதற்கு, ஒருவர் சொல்லிக்கொடுக்காமல் எப்படிப் புரியும் என்கிறார். பிலிப்பு என்ன செய்தார்? தேரை விட்டு இறங்கி நட என்று சொல்லவில்லை. ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

குழுவாக ஜெபிப்பதில்தான் திருச்சபை இருக்கிறது என்று எங்கள் அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) அக்கா ஒருவர் தன்மையாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அன்று மாலை குழுவுக்கு இருந்த கடைசித் திருப்பலிக்கு நாங்கள் வந்து சேர முடியவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. கிளம்பும் முன் குழுத் தலைவரிடம் முறையாகச் சொல்லிவிட்டும் போயிருக்க வேண்டும். ஹோட்டல் வரவேற்பில் சொல்லிவிட்டுப் போனது என் தப்பு. ஆனால் ஐந்தாம் ஸ்தலத்தில் நாங்கள் மூன்று பேர் மழையில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் திருச்சபை எங்கே இருந்தது அக்கா?

38,000 ரூபாயை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்விதான் எனக்கு ஆறவே இல்லை. என் அம்மாதான் அந்த ஏழை. லைன் வீட்டில் பிள்ளை பெற்று, அதே எஸ்டேட்டில் பணிக்கொடை வாங்கியவர், தன் காசில் ஒரு நாள் காரில் உட்கார்ந்து ஆண்டவர் பிறந்த இடத்தைப் பார்த்தார். எத்தனையோ வசதியானவர்கள் சொந்தக் காரில் ஏற்காட்டுக்கு வந்து தியானம் செய்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை யாரும் டாக்ஸி பக்தி என்று சொல்லி நான் கேட்டதில்லை. காப்பிக்காட்டுக் கிழவி காரில் ஏறினால் மட்டும் கண்ணை உறுத்துகிறதா? எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

அந்தப் பணம் எங்கே போனது என்றும் சொல்கிறேன். அந்த ஊரில் மிச்சம் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒன்றுக்குப் போனது. பெத்லகேமில் ஒரு காலத்தில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் இன்று சிறுபான்மை. யாத்ரீகர்கள் வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். 2023 அக்டோபரில் காசா போர் ஆரம்பித்த பிறகு வரத்து நின்றுபோனது. அந்த வருடமும் அடுத்த வருடமும் பெத்லகேமில் வெளியே கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் வாழ்த்து அனுப்பினால், அந்த வழிகாட்டி முதலில் கேட்பது அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான். நம் பங்கில் அதைக் கேட்டவர்களை எண்ணிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வரும்போது அம்மா வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பெத்லகேமில் வாங்கிய ஒலிவ மர ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் கண்ணு, நாம போனது யாத்திர இல்லியா?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏழு வருடமாக அம்மா தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டீர்கள்.

பங்கு ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நான் வேன் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை 4 மணிக்கு நான்கு ரோட்டில் இருந்து புறப்படும். ஏலாக்குறிச்சியில் இறங்கி, வீரமாமுனிவர் அந்த ஊருக்கு ஏன் திருக்காவலூர் என்று பேர் வைத்தார், இத்தாலியில் பிறந்தவர் எப்படித் தேம்பாவணியை எழுதினார் என்று ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொல்லப் போகிறார். வேளாங்கண்ணிக்கு ஒன்பது முறை பஸ்ஸில் போன என் அம்மாவுக்கு இதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை. அங்கிருந்து கொள்ளிடம் தாண்டிப் பூண்டி. ஒவ்வோர் இடத்திலும் பெரியவர்கள் போதும் என்று சொல்லும் வரை நிற்போம். உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி நான்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முன் சீட் என் அம்மாவுக்கு. இன்னும் மூன்று இடம் இருக்கிறது. அதில் ஒன்று, அன்றைக்கு மைக்கில் பேசியவரின் அம்மாவுக்கு. அவருக்கும் முழங்கால் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வந்து கேட்கும் வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.