சம்பளம் வாங்கும் பிள்ளையும் வீட்டுக் கணக்கும்

ராத்திரி ஒன்பதரைக்கு, "சாப்பிட்டுட்டேம்மா, வேணாம்" என்று ஒரு வாட்ஸ்அப். அதற்குள் சோறு வடித்து, குழம்பு கொதித்து, ரசமும் தாளித்தாகிவிட்டது. இருபத்தேழு வயதில் மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு இது கூடவா தெரியாது!

"பொறுப்பா இரு" என்று கத்துவது எந்த வீட்டிலும் வேலைக்கு ஆவதில்லை. அதில் எத்தனை மணிக்கு என்ற நேரமும் இல்லை, எவ்வளவு என்ற தொகையும் இல்லை. "ராத்திரி சாப்பாடு வேண்டாமென்றால் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்" என்பதுதான் விதி. அரிசி களைவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஏசி. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட், அந்த ஓர் அறைக்கே. தமிழ்நாட்டில் இருமாதக் கணக்கு 500ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். அந்தக் கூடுதலை அப்பாவின் பென்ஷனா கட்ட வேண்டும்? மின்வாரியச் செயலியில் வீட்டு இணைப்பைப் பிள்ளையின் போனில் சேர்த்து, பில்லை அவரே கட்டட்டும். 26 டிகிரியும் மின்விசிறியும் தானாக வரும்.

வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்டால், "முடிஞ்சப்ப தர்றேன்" என்பது தராததற்குச் சமம். சம்பளம் விழுந்த மறுநாளே அந்தப் பணம் மாதாமாதம் தானாக அம்மா கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிட வேண்டும். சண்டை நடக்கும்போது அல்ல, ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பியோடு பேசி.

துவைத்த துணியை மடிப்பதையும் அன்றைக்கே சேர்த்துப் பேசிவிடுங்கள்.